இல்லை என்று நிரூபி, பிள்ளை

என் அருமை அண்ணாவுக்கு,

வருகிற கிழமையோடு நீங்கள் இல்லாமல் ஒரு வருடம் ஆகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலி போடுகிறவர்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிப் பாட்டு எழுதி, கண்ணீர் ஆறாக ஓடுகிறது என்று முடிப்பார்கள். அந்தப் பாட்டுகளை வாசித்து நீங்கள் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். அதனால் பாட்டு எழுதவில்லை. கண்ணீரைப் பற்றியும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வருடம் முழுக்க நான் உங்களோடு கோபமாகத்தான் இருந்தேன்.

முதலில் ஊர்ப் புதினம். திருகோணமலை நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. ஊரடங்கு போடுகிறார்கள், எடுக்கிறார்கள், எடுத்த களைப்பு ஆறுவதற்குள் மறுபடி போடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் வரும் என்று கோயில் மடங்களிலும் தெரிந்தவர் வீடுகளிலும் சனம் பெட்டி படுக்கையோடு காத்துக் கிடக்கிறது. எத்தனை கப்பலும் வந்து ஒதுங்கக்கூடிய துறைமுகம் என்று புவியியல் பாடத்தில் பெருமையாகப் படித்தோமே, நினைவிருக்கிறதா? கப்பல்கள் ஒதுங்குகின்றன. எங்களுக்குத்தான் கரையில் கால் நனைக்கவும் அனுமதி வேண்டியிருக்கிறது.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். அம்மாவின் தலைக்குள் நீங்கள் ஏற்றிவிட்டுப் போன அந்தச் சமாந்தர உலகக் கோட்பாடுதான் அதற்குக் காரணம். நீங்கள் பொழுதுபோக்குக்குச் சொன்னீர்கள். அதற்குள் அகப்பட்டு மூச்சுத் திணறியது நான்.

நீங்கள் போவதற்கு முந்திய மாரியில் தொடர்ந்து ஊரடங்கு போட்டார்களே, அப்போது சொன்ன கதை அது. குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குள் மழைத் தண்ணீர் நின்றதால் நாங்கள் மூன்று பேரும் நடு அறைக்குள் முடங்கிக் கிடந்தோம். அப்பா இறந்தபின் அந்த வீட்டில் எப்போதும் நாங்கள் மூன்று பேர்தானே. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏ.எல். பௌதிக வகுப்பு எடுத்து எடுத்துப் பழகிய வாய் உங்களுடையது, சும்மா இருக்குமா?

"அம்மா, ஒரு சின்னத் துணிக்கை. முன்னாலை ரண்டு வாசல். ஆரும் பாக்காட்டி அது ரண்டு வாசலாலையும் போகும்."

"ஒரே நேரத்திலையோ?"

"ஓம், ஒரே நேரத்திலை. ஆரும் நிண்டு பாத்தால் மட்டும் ஒரு வாசலாலை போகும்."

அம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப அது எங்கடை ஊருக்குச் சரிவராது, தம்பி. சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் சென்றியிலை நிண்டு பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறாங்கள்."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு வெளியில் கேட்டிருந்தால் ஜீப் வந்திருக்கும். அத்தோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பார்க்கிறவனும் சேர்ந்து இரண்டாகப் பிரிகிறான் என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள் என்றீர்கள். இந்த உலகத்தில் இடது வாசலால் போனால் மற்ற உலகத்தில் வலது வாசலால் போகும், இரண்டும் மெய், ஆனால் ஒன்றுக்கு மற்றது தெரியாது என்றீர்கள்.

"அப்ப சண்டை இல்லாத திருகோணமலையும் ஒண்டு இருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கலாம்."

"அங்கை நான் என்ன செய்துகொண்டு இருப்பன்?"

"வெங்காயம்தான் உரிப்பியள்."

நான் கணித ரீச்சர். எனக்கு அப்போதே வாய் சும்மா இருக்கவில்லை. "நிரூபிக்க ஏலுமோ?" என்று கேட்டேன். நீங்கள் நேர்மையாகப் பதில் சொன்னீர்கள், அதுதான் பிறகு வினையாய் முடிந்தது. நேரே போய்ப் பார்க்க வழியில்லை என்றீர்கள். இன்னும் பெரிய, இன்னும் பெரிய பொருள்களை எடுத்து, அவையும் அந்தத் துணிக்கை மாதிரி இரண்டு நிலையில் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொண்டு போகலாம். எங்காவது ஓரிடத்தில் அது முறிந்தால் கோட்பாடு பிழை. முறியாமலே போனாலும் சரியென்று ஆகிவிடாது, பிழையென்று இன்னும் காட்டவில்லை என்று மட்டுந்தான் சொல்லலாம். "இண்டைக்கு இருக்கு எண்டும் காட்ட ஏலாது, இல்லை எண்டும் காட்ட ஏலாது" என்று முடித்தீர்கள். அம்மா வெங்காயத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் காலை வந்தது. நீங்கள் நிலாவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்காகப் பஸ் தரிப்பில் நின்றபோது பக்கத்தில் குண்டு வெடித்தது. யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை. நான் வகுப்பில் நின்றேன். சத்தம் கேட்டுப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே இருக்கச் சொன்னேன். அது உங்களுடைய சத்தம் என்று எனக்குத் தெரியாது, அண்ணா.

எட்டாம் நாள் எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நடந்தன. நிலாவெளியிலிருந்து சித்தப்பாவின் மகன் குமரன் வந்துதான் கொள்ளி வைத்தான், கிரியைகளும் செய்தான். அம்மா மரம் மாதிரி இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதன்பிறகு ஒரு நாள், மாதாமாதம் செய்கிற மாசியத்துக்கு ஐயரிடம் சொல்லப் போகிறேன் என்று நான் வெளிக்கிட்டபோது, "வேண்டாம்" என்றார்.

"ஏனம்மா?"

"செத்தவனுக்குத்தானே மாசியம், திவசம் எல்லாம். தம்பி மற்றப் பக்கத்திலை உயிரோடை இருக்கிறான். உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் விட்டால் அவனுக்கு என்ன ஆகும்? நான் செய்ய மாட்டன்."

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் பயந்தேன். ஆனால் அவர் முன்போலவே சமைத்தார், மீன்காரனோடு முன்போலவே சண்டை பிடித்தார், கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு மணி அரிசியும் குறையவிடாமல் நிறுத்து வாங்கினார். உங்கள் உடலைக் குளிப்பாட்டியதும் அவருக்கு நல்ல நினைவு. இந்த உலகத்தில் நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டார். மற்ற உலகத்தைத்தான் விடமாட்டேன் என்றார். பைத்தியம் என்றால் ஒரு டொக்டரிடமாவது கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இதில் என் கழுத்து எப்படி அகப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியாமல் ஒரு நல்ல காரியமும் செய்யக்கூடாது. நீங்களே பேசி, நீங்களே நாள் பார்க்கச் சொன்ன என் கல்யாணம் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் உங்கள் சிநேகிதன் தவராசாவை மாப்பிள்ளையாக்கிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். அவர் பொறுமையான மனிதர். அவருடைய தாய் பொறுமையானவர் இல்லை. திவசம் செய்ய மாட்டேன் என்கிற வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது, ஆவணி தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரை விட்டுப் போக ஏலாது. ஊருக்குள் வீட்டை விட்டுப் போக ஏலாது, ஏனென்றால் அம்மாவைத் தனியே விட ஏலாது. வீட்டுக்குள் இருந்தால் அம்மா அந்தப் பழைய கேள்வியோடு இருப்பார். "இல்லை எண்டு நிரூபி, பிள்ளை. நீ படிச்சனிதானே. நிரூபிச்சுப்போட்டு வா, நான் நாளைக்கே ஐயரைக் கூப்பிடுறன்." நான் மாணவர்களுக்கு எத்தனையோ நிறுவல் செய்து காட்டியிருக்கிறேன். இல்லாத ஒன்றை இல்லை என்று நிறுவுவது எவ்வளவு கொடிய வேலை என்று அம்மாதான் எனக்குக் காட்டினார். இரவில் படுத்தால் சுவர்கள் நெஞ்சுக்குக் கிட்ட வருவதுபோல் இருக்கும்.

தவராசா ஒரு பொய் சொல்லிப் பார்ப்போம் என்றார். ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"மாமி, அந்தக் கோட்பாடு பிழையெண்டு கண்டுபிடிச்சிட்டாங்களாம். றேடியோவிலை சொன்னவங்கள்."

"எந்த நியூசிலை?"

"காலமை... காலமை நியூசிலை."

"எந்த றேடியோ? நான் இலங்கை வானொலியும் கேக்கிறனான், இந்தியாவும் கேக்கிறனான், லண்டனும் கேக்கிறனான், வன்னியும் கேக்கிறனான். பற்றறி இருக்கிற வரைக்கும் ஒரு நியூசும் விடுறேல்லை. ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை, தம்பி."

இந்த ஊரில் றேடியோவின் பெயரால் பொய் சொல்ல வந்தாரே, அந்த மனிதரை என்ன செய்வது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் முதன்முதலாக உண்மையான விருப்பம் வந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிற சேரிடமும் கேட்டேன். அவர் நீங்கள் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னார். ஒரு கொள்கையைச் சோதித்துப் பிழையென்று காட்டுவதற்கு வழியே இல்லையென்றால் அதை விஞ்ஞானம் என்று சொல்லலாமா என்று பெரிய ஆட்களே அடிபடுகிறார்களாம். நான் அம்மாவிடம் வந்து, இது விஞ்ஞானமே இல்லை, வெறும் நம்பிக்கை என்றேன். "நான் கோயிலுக்குப் போறதும் நம்பிக்கைதானே, அதை விடச் சொன்னனியோ?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

இப்படியே மாதங்கள் போயின. போன கிழமை மறுபடி பகல் ஊரடங்கு. கதவு யன்னல் எல்லாம் சாத்தி, வெக்கைக்குள் நானும் அம்மாவும் மட்டும். வெளியே போகவும் வழியில்லை, கதையை மாற்றவும் வழியில்லை. எனக்குப் பொறுமை அறுந்துபோனது.

"உங்களுக்கு ஏனம்மா அந்த உலகம் இவ்வளவு தேவை? என்ரை வாழ்க்கையை விடவோ?"

அம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "அங்கை நான் அவனை இருத்தித் தண்ணி குடுக்கேல்லை."

அப்போதுதான் அந்தக் காலையில் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவந்தது. நீங்கள் வாசல் படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கிவிட்டீர்களாம். அடையாள அட்டை மேசையில் கிடந்ததை அம்மா கண்டாராம். ஐசி இல்லாமல் சென்றிக்குப் போனால் என்ன நடக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். ஓடிவந்து பின்னால் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்குத் திடுக்கிட்டிருக்கிறது. வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடுவது சகுனப் பிழை. அதற்குப் பரிகாரம் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆளை உள்ளே கூட்டிவந்து இருத்தி, தண்ணீர் கொடுத்து, மறுபடி அனுப்ப வேண்டும். அம்மா அப்படியே செய்தார். நீங்கள் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்த நேரத்துக்குள் நிலாவெளி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காகத் தரிப்பில் நின்றீர்கள்.

நான் வாதாடிப் பார்த்தேன். "நீங்கள் கூப்பிடாமல் விட்டிருந்தால் ஐசி இல்லாமல் போயிருப்பார். வழியிலை சல்லிக் கிராமத்துக்குக் கிட்ட இறக்கிச் சோதிக்கேக்கை பிடிச்சிருப்பாங்கள். அந்த உலகத்திலையும் அண்ணா தப்பியிருப்பாரோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"கூப்பிட்டதைச் சொல்லேல்லை, பிள்ளை. கூப்பிட்டது சரி. ஐசியைப் படலையடியிலை குடுத்து அனுப்பியிருக்கலாம். இருத்தினது ஆர்? தண்ணி குடுத்தது ஆர்? நான்தானே. அது நடக்காத ஒரு இடம் எங்கையாவது இருக்க வேணும். இல்லையெண்டால் நான் எப்பிடி இருக்கிறது?"

அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சகுனம் பார்க்கிறவர்களை வகுப்பில் வைத்துப் பகிடி பண்ணுகிறவர் நீங்கள். அன்றைக்கு மட்டும் ஏன் பேசாமல் இருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்? பஸ் வருகிற நேரம் உங்களுக்குத் தெரியாதா? அம்மா நாள் முழுக்கப் பயந்துகொண்டு இருப்பார் என்றுதானே இருந்தீர்கள்? எனக்குப் பதில் தெரியும்.

அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம் அது. எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. ஒரு வருடம் அடைபட்டுக் கிடந்த ஆத்திரம். என் வாயில் வந்ததை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை.

"சரி அம்மா. அந்த உலகம் இருக்கு எண்டே வைப்பம். அண்ணா அங்கை இருக்கிறார். அங்கை அவருக்கு ஒரு அம்மாவும் இருக்கிறா. அவ இருத்தித் தண்ணி குடுக்கேல்லை. அண்ணா முதல் பஸ்ஸிலை போயிட்டுப் பின்னேரம் வந்திட்டார், அவ சோறு போட்டா. இண்டைக்கும் போட்டிருப்பா. அங்கை உங்கடை தேவை இல்லை. இஞ்சை செத்துப்போன அண்ணாவுக்கு ஆர் இருக்கினம்? அந்த அம்மாவுக்கு இவரைத் தெரியவும் தெரியாது. நீங்களும் அங்கை இருக்கிறவரையே பாத்துக்கொண்டிருந்தால், இவர் ஆரின்ரை பிள்ளை?"

சொல்லி முடித்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. வெளியே ஒழுங்கையில் ஆமியின் சப்பாத்துச் சத்தம் போனது, இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். சத்தம் தேய்ந்தபிறகு அம்மா மெல்லக் கேட்டார்.

"அப்ப... மாசியமும் இல்லை, ஒண்டும் இல்லை. இவ்வளவு நாளும் பசியோடையோ இருந்தவன்?"

என்ன சொல்வேன், அண்ணா? செத்தவர்களுக்குப் பசிக்கும் என்பதையும் என்னால் நிரூபிக்க முடியாது, பசிக்காது என்பதையும் நிரூபிக்க முடியாது. "ஓம் அம்மா" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உங்கள் பிரேதம் வீட்டுக்கு வந்தபோதுகூட அழாதவர், ஊரடங்குக்குப் பயந்து, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் ஊரடங்கு எடுத்தவுடன் அவரே ஐயர் வீட்டுக்கு நடந்து போனார். திதி வருகிற கிழமை வருகிறது. கடற்கரைக்கு விடாவிட்டால் பிண்டத்தை எங்கே கரைப்பது என்று கேட்டாராம். "சல்லியிலை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், ஒரு போத்தல் கடல் தண்ணி எடுப்பிப்பம், அம்மா. அதை ஒரு சருவத்திலை விட்டுச் செய்வம்" என்றிருக்கிறார் ஐயர். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் கடலைப் போத்தலில் வரவழைக்கிறோம். குமரன் முதல் நாளே நிலாவெளியிலிருந்து வந்து தங்குவான், பாதை பூட்டினாலும் அவன் இங்கே இருப்பான். மரக்கறி என்ன கிடைக்கிறதோ தெரியாது. முருங்கைக்காய்க்கு அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். தண்ணீர் கொடுத்தது தன் பிழை இல்லை என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. நான் வெளிக்கிட்டால் இப்போது வாயே திறப்பதில்லை. முந்தாநாள் நான் மழையில் குடையில்லாமல் போவதைப் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், கூப்பிடவில்லை. கல்யாணம் நடந்தாலும் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் எங்களுக்கு வாடகை அறை. அங்கேயும் இதே ஊரடங்குதான், இதே சென்றிதான். எங்கே போவது?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த உலகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே இருக்கிற மற்ற என்னை, அந்த வதனியை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவளுடைய அண்ணா அவளைப் பகிடி பண்ணிக்கொண்டு முன் அறையில் இருப்பார். அவள் அதன் அருமை தெரியாமல் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். பிடிக்கட்டும். அவருக்கு நான் ஒரு வரியும் எழுதமாட்டேன். அவருக்குத் தங்கச்சி இருக்கிறாள், தாய் இருக்கிறார், பின்னேரச் சோறு இருக்கிறது.

பஸ் தரிப்பில் விழுந்த உங்களுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். நான் எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த ஊருக்கு ஓட நேர்ந்தாலும், உங்கள் திதியன்று அங்கே ஓர் இலை போடுவேன். அம்மாவுக்குப் பிறகும் போடுவேன். இருக்கிற எல்லா உலகங்களிலும் உங்களை எங்களுக்கு மட்டுந்தான் தெரியும், உங்களை விட்டுவிட மாட்டோம்.

இப்படிக்கு,
செத்துப்போன உங்களுக்கு மட்டும் தங்கச்சியான
வதனி